முகத்து முடியும் மூடி வைத்த வெட்கமும்

தீபாவளிக்கு முந்திய வாரத்தில் புக்கிட் மெர்தாஜாம் பட்டணத்து அழகு நிலையங்களில் உட்கார நாற்காலி கிடைப்பது அரிது. புருவம் திருத்த வரும் பெண்கள் வாசலிலேயே சத்தமாகச் சொல்லிவிடுவார்கள்: "அக்கா, எனக்கு ஐப்ரோ மட்டும்தான்!" மேலுதட்டுக்கும் தாடைக்கும் வருகிறவர்களோ தங்கள் முறை வரும்வரை வாய் திறப்பதில்லை. நாற்காலியில் சாய்ந்த பிறகுதான் குரலைத் தாழ்த்தி, "அக்கா, இங்கேயும் கொஞ்சம்..." என்பார்கள். தாடையைத் தொட்ட விரல் அடுத்த நொடியே கீழே இறங்கிவிடும்.

அந்தத் தாழ்ந்த குரலுக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் கல்யாண வீட்டு மஞ்சளும் இருக்கிறது, எலி மருந்தும் இருக்கிறது. பெண்ணின் முகத்து முடி ஒரு காலத்தில் ஊரறியப் பேசப்பட்ட சங்கதி. அது எப்போது ஒளித்து வைக்கும் சங்கதி ஆனதோ, அப்போதுதான் ஆபத்தும் உள்ளே நுழைந்தது.

மூன்று வீட்டுக் கல்யாணம்

இன்று செபராங் பிறை என்று அழைக்கப்படும் நிலப்பகுதி, ஆங்கிலேயர் காலத்தில் புரோவின்ஸ் வெல்லெஸ்லி எனப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் இங்கு கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் ரப்பர் தோட்டங்களுக்கும் தமிழர்கள் கொண்டுவரப்பட்டனர். மலாய்க் கம்பங்களும் சீனர் கடைத்தெருக்களும் தமிழர் லயங்களும் அருகருகே அமைந்தன. அதனால் மூன்று இனத்தின் கல்யாண வழக்கங்களையும் ஒரே வட்டாரத்தில் பார்க்க முடிந்தது. மூன்றிலும் மணப்பெண்ணின் முகத்து முடிக்கு ஒரு சடங்கு இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

மலாய் வீடுகளில் 'மாக் அண்டாம்' என்ற மூத்த பெண்மணி வருவார். திருமணத்துக்கு முன்பு மணமகளின் நெற்றி ஓரத்திலும் புருவத்திலும் பிடரியிலும் உள்ள மெல்லிய முடிகளைச் சிறு கத்தியால் நீக்குவார். இதற்கு 'பெர்அண்டாம்' என்று பெயர். வெட்டிய முடி எந்தப் பக்கம் விழுகிறது என்பதைப் பார்த்துப் பெண்ணின் கற்பைச் சொல்லும் வழக்கமும் இருந்தது. அந்த நம்பிக்கையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இது பல பெண்கள் கூடியிருக்க, பழகிய கையால் செய்யப்பட்ட முகச் சவரமே.

சீனர் வீடுகளில் கத்திக்குப் பதில் நூல். முகத்தில் வெள்ளைப் பவுடரைத் தடவி, முறுக்கிய பருத்தி நூலைப் பல்லிலும் இரு கைகளிலும் பிடித்து, முடியை வேரோடு பிடுங்குவார்கள். ஹொக்கியன் மொழியில் இதற்கு 'பான் பின்' என்று பெயர். 'முகத்தை இழுத்தல்' என்று பொருள் கொள்ளலாம். சிறுமி பெண்ணாகிக் குடும்ப வாழ்வுக்குள் நுழைவதன் அடையாளமாக இது கருதப்பட்டது. ஈரானிலும் இதே நூல் முறை திருமணத்தோடு சேர்ந்த சடங்காக இருந்து வந்திருக்கிறது.

தமிழர் வீடுகளில் நலுங்கு. மஞ்சளையும் பயத்தம் மாவையும் குழைத்து, பெரியம்மாவும் அத்தையும் மாமியும் மாறி மாறிப் பெண்ணுக்குப் பூசுவார்கள். காய்ந்த மாவைத் தேய்த்து உதிர்க்கும்போது முகத்துப் பூனை முடியில் கொஞ்சம் அதோடு போகும். கல்யாணம் இல்லாத நாளிலும் குளியலில் மஞ்சள் உரைத்துப் பூசுவது நம் பெண்களின் பழக்கமாக இருந்தது.

கத்தி, நூல், மஞ்சள் என்று கருவி வேறுபட்டாலும் மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. செய்பவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். என்ன பூசுகிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். முகம் எரிந்தால் கேட்க ஆள் இருந்தது.

கடை அலமாரிக்கு வந்த வெட்கம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நிலைமை மாறத் தொடங்கியது. 1903இல் ஜில்லெட் நிறுவனம் ஆண்களுக்கான பாதுகாப்புச் சவரக் கத்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1915இல் பெண்களுக்கென்றே ஒரு கத்தியை வெளியிட்டது. பெண்ணின் உடலில் முடி இருப்பது அருவருப்பு என்று பத்திரிகை விளம்பரங்கள் திரும்பத் திரும்பச் சொல்லின. உடம்பை விட்டு முகத்துக்கு வந்தபோது வெட்கம் இன்னும் பெரிதானது. அந்த வெட்கத்துக்கு மருந்து விற்கப் பலர் கிளம்பினார்கள்.

நல்ல மருத்துவமும் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 1875இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல், கண்ணுக்குள் வளரும் இமை முடியை மெல்லிய ஊசி வழியே மின்சாரம் பாய்ச்சி நிரந்தரமாக அகற்றும் முறையை வெளியிட்டார். மின்னூசி முறையான எலெக்ட்ரோலிசிஸ் அங்கிருந்துதான் பிறந்தது. ஆனால் ஒவ்வொரு முடியாகச் செய்ய வேண்டும். வலிக்கும், நாளாகும். மக்கள் விரைவான வழியைத் தேடினர்.

விரைவான வழி எக்ஸ்-ரே வடிவில் வந்தது. 1896இல் வியன்னா மருத்துவர் லியோபோல்ட் ஃப்ராயிண்ட், முதுகில் முடி அடர்ந்த மச்சத்தோடு இருந்த ஐந்து வயதுச் சிறுமிக்கு எக்ஸ்-ரே கதிர் பாய்ச்சினார். முடி உதிர்ந்தது. பிறகு அந்த இடத்தில் ஆறாத புண் வந்தது. அந்த எச்சரிக்கையைப் பலர் காதில் வாங்கவில்லை. 1920களில் நியூயார்க் மருத்துவர் ஆல்பர்ட் கெய்சர் 'டிரைக்கோ' என்ற எக்ஸ்-ரே கருவியை அழகு நிலையங்களுக்குக் கொடுத்து, வலியில்லாமல் முகத்து முடியை நீக்குவதாக விளம்பரம் செய்தார். அமெரிக்காவின் பல நகரங்களில் பெண்கள் வரிசையில் நின்றனர்.

உண்மையிலேயே வலிக்கவில்லை. முடியும் உதிர்ந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் தோல் சுருங்கியது, புண்ணானது, சிலருக்குப் புற்றுநோயானது. 1929இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இம்முறையைக் கண்டித்தது. அப்படியும் முற்றாக நிற்கவில்லை. 1947இலும் மருத்துவர்கள் இதன் அபாயத்தைப் பற்றி எழுத வேண்டியிருந்தது. கண்டிக்கப்பட்ட பிறகும் இதைத் தேடிப் போன பெண்கள், போனதை வெளியில் சொல்ல விரும்பாததே இந்த வியாபாரத்தின் பலமாக இருந்தது.

எலி மருந்துக் கிரீம்

அடுத்து வந்தது இன்னும் கொடுமை. 1930ஆம் ஆண்டுவாக்கில் அமெரிக்கக் கடைகளில் 'கோரெம்லூ' என்ற கிரீம் விற்கப்பட்டது. இரவில் தடவிக்கொண்டு படுத்தால் முகத்து முடி உதிரும் என்றார்கள். அதில் கலந்திருந்தது தாலியம் அசிட்டேட். தாலியம் எலிகளைக் கொல்லப் பயன்பட்ட நஞ்சு. தோல் வழியே உடலுக்குள் இறங்கி, மேலுதட்டு முடியோடு தலைமுடியையும் உதிர்த்தது. கால் நரம்புகள் எரிந்தன, பார்வை மங்கியது, சிலர் நடக்க முடியாமல் போனார்கள்.

அப்போதைய அமெரிக்கச் சட்டம் உணவையும் மருந்தையும் மட்டுமே கட்டுப்படுத்தியது. முகக் கிரீம் 'அழகுப் பொருள்' என்பதால் அரசாங்கத்தால் அதைத் தடுக்க முடியவில்லை. வழக்குகள் குவிந்து 1932இல் அந்த நிறுவனம் திவாலானது. இத்தகைய சம்பவங்களால் எழுந்த கொதிப்பினால்தான் 1938இல் அழகுப் பொருள்களையும் உள்ளடக்கிய புதிய சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. உலகின் பல நாடுகளில் இன்று ஒப்பனைப் பொருள்களின் மேல் இருக்கும் கட்டுப்பாட்டுக்குப் பின்னால், முகத்து முடியை மறைக்கப் போய் வாழ்க்கையை இழந்த பெண்களும் இருக்கிறார்கள் என்றால் மிகையாகாது.

உடம்பு எழுதிய கடிதம்

இவ்வளவு கிரீம்களும் கருவிகளும் வந்துகொண்டிருந்தபோது, முடி ஏன் வளர்கிறது என்று கேட்டவர்கள் சிலரே. 1921இல் பாரிஸ் மருத்துவர்கள் அஷார், தியேர் இருவரும் ஒன்றைக் கவனித்தார்கள். முகத்தில் தாடிபோல் முடி வளர்ந்த சில பெண்களுக்கு நீரிழிவும் சேர்ந்தே இருந்தது. 'தாடி வளர்ந்த பெண்களின் நீரிழிவு' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 1935இல் சிகாகோவின் ஸ்டைன், லெவென்தால் என்ற இரு மருத்துவர்கள், மாதவிலக்கு தவறும் பெண்களின் சூலகங்களில் சிறு நீர்க்கட்டிகள் போன்ற மாற்றம் இருப்பதை விவரித்தார்கள். அவர்களில் சிலருக்கு முகத்தில் முடியும் இருந்தது. இன்று பி.சி.ஓ.எஸ். என்று பலரும் அறிந்திருக்கும் நிலை அதுதான்.

எல்லாப் பெண்களின் முகத்திலும் பூனை முடி உண்டு. அது நோயல்ல. தென்னாசியப் பெண்களுக்குப் பரம்பரையாகவே முடி சற்று அதிகம். மாதவிலக்கு நின்ற பிறகு தாடையில் ஓரிரு தடித்த முடி முளைப்பதும் சகஜம். ஆனால் ஆண்களுக்கு வளர்வதுபோல் கருத்துத் தடித்த முடி தாடையிலும் மேலுதட்டிலும் மார்பிலும் பரவினால் கதை வேறு. பெண்ணின் உடலிலும் சிறிதளவு சுரக்கும் ஆண் ஹார்மோன் கூடியிருக்கலாம், அல்லது முடியின் வேர் அதற்கு அதிகமாக இணங்கலாம். 1961இல் ஃபெர்ரிமன், கால்வே என்ற இருவர் இதை உடலின் பகுதி பகுதியாக அளந்து மதிப்பெண் போடும் முறையை வகுத்தனர். திருத்தப்பட்ட வடிவில் அது இன்றும் கையாளப்படுகிறது.

பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களில் பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் முன்னால் நிற்பது இந்திய சமூகம். அப்படியானால் பதினெட்டு வயதுப் பெண்ணின் தாடையில் வளரும் முடி, உடம்பு முன்கூட்டியே எழுதிய கடிதமாக இருக்கக்கூடும். அதை மாதாமாதம் யாருக்கும் தெரியாமல் பிடுங்கி எறியும்போது, கடிதமும் படிக்கப்படாமலே போகிறது.

தூக்க நோய் மருந்தும் லேசர் ஒளியும்

மருத்துவம் வளர்ந்த பிறகு வந்த வழிகளிலும் பாடம் உண்டு. எஃப்லோர்னிதின் என்ற மருந்து 1990இல் ஆப்பிரிக்காவின் தூக்க நோய்க்கு அங்கீகாரம் பெற்றது. உயிர் காத்த அந்த மருந்து, வாங்குவோர் ஏழைகள் என்பதால் இலாபம் தரவில்லை. 1990களின் நடுவில் தயாரிப்பு நின்றது. 2000இல் அதே மருந்து முகத்து முடியின் வளர்ச்சியை மெதுவாக்கும் கிரீமாக அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு போன்றவை குரல் கொடுத்த பிறகு, 2001இல் தூக்க நோயாளிகளுக்கும் அது மீண்டும் கிடைக்க ஒப்பந்தமானது. அந்தக் கிரீம் முடியை நீக்குவதில்லை, வளர்ச்சியை மட்டும் மெதுவாக்கும். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய நிலை திரும்பும்.

லேசர் முறைக்கு அடிப்படை 1983இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட கோட்பாடு. ஒளி கறுப்பு நிறமியைத் தேடிச் சென்று சூடாக்கும். முடியின் வேர் கருகும். வெள்ளைத் தோலில் கறுப்பு முடி என்றால் இலக்கு தெளிவு. நம்மவரின் மாநிறத் தோலிலோ நிறமி தோலிலும் இருக்கிறது. கருவியைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் தோலும் வேகும். கொப்புளமும் கறுப்புத் தழும்பும் மிஞ்சும். தோலுக்குள் ஆழமாக இறங்கும் 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள 'என்டி-யாக்' லேசர் கருந்தோலுக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. கருந்தோல் பெண்களின் தாடையிலும் கழுத்திலும் போதிய சக்தியில்லாமல் ஒளி பாய்ச்சினால், சிலருக்கு முடி குறைவதற்குப் பதில் கூடுதலாக வளர்ந்துவிடும். மலிவு விலைப் பேக்கேஜுக்கு ஆசைப்படுகிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

மலேசியாவில் அழகியல் சிகிச்சை செய்யும் மருத்துவர், சுகாதார அமைச்சின் தனி அனுமதிச் சான்றைப் பெற்றிருக்க வேண்டும். அதைக் காட்டும்படி கேட்பது மரியாதைக் குறைவல்ல, வாடிக்கையாளரின் உரிமை.

பச்சிலை என்றால் பயமில்லையா?

வீட்டு வைத்தியத்தில் கஸ்தூரி மஞ்சளும் குப்பைமேனி இலையும் பெயர் பெற்றவை. பூனை முடிக்கு மஞ்சள் பூச்சு ஓரளவு உதவலாம். ஹார்மோனால் தடித்து வளரும் முடியை அது வேரோடு போக்கிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. குப்பைமேனி சிலரின் தோலில் எரிச்சலும் அரிப்பும் உண்டாக்கும். உள்ளுக்குச் சாப்பிடுவது இன்னும் ஆபத்து. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்தவர்கள் குப்பைமேனியை உட்கொண்டு சிவப்பணுக்கள் உடைந்து மருத்துவமனையில் சேர்ந்த சம்பவங்கள் இலங்கையில் பதிவாகியுள்ளன. மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தக் குறைபாட்டைச் சோதிப்பது வழக்கம். பிள்ளையின் பிறப்புக் கால மருத்துவக் குறிப்பை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

பச்சிலையைவிடப் பெரிய ஆபத்து, பெயர் தெரியாத டப்பாக்களில் வருகிறது. வெள்ளையாக்கும் கிரீம்கள் சிலவற்றில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், பெட்டாமெத்தசோன் போன்றவை கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு சோதனைகளில் கண்டறிந்து, அவற்றின் பெயர்களை வெளியிட்டு வருகிறது. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் இத்தகைய கிரீம்களுக்கு எதிராகப் பலமுறை குரல் கொடுத்துள்ளது. இவற்றில் பெட்டாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. நாள்பட முகத்தில் பூசினால் தோல் மெலியும், முடியும் வளரும். முகம் வெளுக்க வாங்கிய கிரீமே மீசையைக் கொடுக்கிறது! பிறகு அந்த மீசைக்கு வேறொரு டப்பா. தாலியம் கிரீமின் கதை வேறு உருவத்தில் தொடர்கிறது.

எது பாதுகாப்பு?

சவரம் செய்தால் முடி தடித்து வளரும் என்பது தலைமுறை தலைமுறையாக நம்பப்படும் பேச்சு. 1928இலேயே உடற்கூற்று அறிஞர் மில்ட்ரெட் டிராட்டர் இதை ஆராய்ந்து, சவரம் முடியின் தடிப்பையோ வளரும் வேகத்தையோ கூட்டுவதில்லை என்று காட்டினார். வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் சொரசொரப்பாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். சுத்தமான, பிறர் பயன்படுத்தாத கத்தியால் முகத்தை நனைத்துச் சவரம் செய்வது, மருத்துவர்களும் ஏற்கும் எளிய வழி. மாக் அண்டாமின் கத்தி தப்பான கருவியல்ல.

நூல் முறைக்கு, ஒவ்வொருவருக்கும் புதிய நூல் வேண்டும். நூலைப் பல்லில் கடிப்பதற்குப் பதில் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் முறை சுத்தமானது. சுத்தமில்லாத கையும் நூலும் மருவையும் தோல் தொற்றையும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொண்டு செல்லும். சீழ் வைத்த பரு இருக்கும்போது நூலும் வேண்டாம், வேக்சும் வேண்டாம். பருவுக்கு ரெட்டினாய்டு வகை மருந்து எடுப்பவர்களின் தோல் மெழுகோடு உரிந்து வரக்கூடும். முடி நீக்கும் கிரீமோ பிளீச்சோ எதுவானாலும் முகத்துக்கென்று தயாரித்ததாக இருக்க வேண்டும். முதல் நாள் காதுக்குப் பின்னால் சிறிது தடவிப் பார்த்து, எரிச்சல் இல்லை என்றால் மட்டுமே முகத்தில் பூச வேண்டும். சுகாதார அமைச்சின் அறிவிப்பு எண் இல்லாத டப்பாவை வாங்கவே கூடாது.

மாதவிலக்கு தவறுதல், நிற்காத பரு, உச்சந்தலையில் முடி உதிர்தல், கழுத்து மடிப்பில் வெல்வெட்டுப் போன்ற கருமை ஆகியவற்றில் ஒன்று முகத்து முடியோடு சேர்ந்து வந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சில மாதங்களுக்குள் முடி வேகமாக வளர்ந்து குரலும் கனத்தால் தாமதிக்கவே கூடாது. அரிதாக அது கட்டியின் அறிகுறியாக இருக்கலாம். அரசாங்கக் கிளினிக்கில் குறைந்த கட்டணத்தில் இரத்தப் பரிசோதனை தொடங்கிவிடலாம். மருந்து தந்தால் முடியில் மாற்றம் தெரிய ஆறு மாதங்கள்கூட ஆகும், ஏனெனில் முடி வளரும் சுழற்சியே மெதுவானது. இம்மருந்துகளில் சில வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதவை என்பதால், கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எதுவுமே செய்யாமல் இருப்பதும் ஒரு வழிதான். பி.சி.ஓ.எஸ். உள்ள இங்கிலாந்துப் பெண் ஹர்னாம் கௌர் தம் தாடியை மறைக்காமல் வளர்த்தார். 2016இல் முழுத் தாடி கொண்ட மிக இளைய பெண் என்று கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றார். எல்லோராலும் அப்படி இருக்க முடியாது, இருக்க வேண்டும் என்பதும் இல்லை. முடியை எடுப்பதும் விடுவதும் அந்தப் பெண்ணின் விருப்பம். உடம்பு சொல்வதைக் கேட்காமல் இருப்பதுதான் ஆபத்து.

லயங்கள் பல இடிபட்டுவிட்டன. நலுங்கு வைத்த பெரியம்மாக்கள் குறைந்துவிட்டார்கள். இளம் பெண்ணின் முகத்தை வெளிச்சத்தில் நெருங்கிப் பார்க்கும் கை இன்று அழகு நிலையத்து அக்காவின் கைதான். நூலை இழுப்பதற்கு முன்னால் அவர், "ஏம்மா, மாசாமாசம் ஒழுங்கா வருதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். தாழ்ந்த குரலில் தொடங்கிய பேச்சு, கிளினிக் வாசல்வரை போய்ச் சேரும்.